விட்டவன் விழுக்காடு இருக்கட்டும். உழைத்தவன் விழுக்காடு எங்கே?

அலிபிரி தமிழ்ச் சொல்லா, தெலுங்குச் சொல்லா? ஒரு வாரமாக இங்கே நடக்கும் போர் இதுதான். 'அடிப்புளி' என்பதன் திரிபு அது என்கிறது ஓர் அணி. மறுக்கிறது மற்றோர் அணி. மொழியியல் படித்தவள் என்பதால் தீர்ப்புக் கேட்டு என்னை அழைத்திருக்கிறார்கள். ஒலித்திரிபைப் படிப்படியாக நிறுவும் சான்றை இங்கு எவரும் முன்வைக்கவில்லை. அதுவரை இரண்டும் ஊகமே. என் தீர்ப்பு அவ்வளவுதான்.

இனி என் கேள்வி. பெயருக்காக இத்தனை சொற்களைச் செலவிட்ட நாம், அந்த அடிவாரத்தில் உழைப்பவர்க்காக எத்தனை சொற்களைச் செலவிட்டோம்?

1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்படும்வரை, நடந்தோ பிறர் தோளில் டோலியில் ஏறியோதான் மேலே செல்ல முடிந்தது. இன்றும் அவ்வூர் பிறர் தோள்களில்தான் நிற்கிறது. படி கூட்டுவோர், மூட்டை ஏற்றி இறக்குவோர், உறக்கமின்றி வண்டி ஓட்டுவோர், மாங்காய்க் கீற்றில் மிளகாய்த்தூள் தூவி விற்கும் பெண்கள். வருபவர் முகம் பார்த்துத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் விலை சொல்பவர்கள் அவர்கள். அந்தத் திறனை நாம் 'கலப்புமொழி' என்று இகழ்கிறோம்.

2023 ஆகஸ்டில் அந்நடைபாதையில் சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். பக்தர்களுக்குக் கைத்தடி வழங்கியதைக் கேலி செய்து எத்தனை பதிவுகள்! விடியுமுன் அதே படிகளில் வேலைக்கு நிற்பவரைப் பற்றி நம்மில் ஒருவர் ஒரு வரி எழுதினோமா? காணிக்கை முடியின் ஏலத் தொகை செய்தியாகிறது. மழித்த கை செய்தியாவதில்லை.

திருமலைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழ் என்று பெருமை பேசுகிறோம். உண்மைதான். ஆனால் அவற்றைப் படித்தோமா? கொடையாளிக்குரிய பிரசாதப் பங்கை அவை 'விட்டவன் விழுக்காடு' என்கின்றன. பணிசெய்வோர்க்குரிய பங்குகளையும் பதிவு செய்கின்றன. கல்வெட்டைச் சான்றாகக் காட்டும் நமக்கு அந்தக் கணக்கு மட்டும் கண்ணில் படவில்லை.

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. அன்றுமுதல் அம்மண்ணை 'இழந்த மண்' என்கிறோம். மண்ணை இழந்ததற்கு அழுகிறோம்; அம்மண்ணில் வாழும் தமிழரோ நம் வாதத்தில் வெறும் எண்ணிக்கையாக வந்துபோகிறார்கள். அவர்களோடு தோள்சேர்ந்து உழைக்கும் தெலுங்கர் எண்ணிக்கையாகக்கூட வருவதில்லை.

"மொழியுரிமை பேசுவது தவறா?" என்பீர்கள். தவறன்று, ஆனால் அதை உரிய இடத்தில் தொடங்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளி கையெழுத்திடும் தாள் அவர் படிக்கும் மொழியில் இருக்கிறதா? கூலிப் பிடித்தங்களை அவருக்கு விளங்கும் மொழியில் எவரேனும் விளக்குகிறார்களா? இவற்றைக் கேட்பதும் மொழியுரிமைதான். அலிபிரியின் வேர்ச்சொல் இன்னும் பத்தாண்டு காத்திருக்கும். மாதக் கூலி காத்திருக்காது.

அடுத்த முறை படியேறும்போது, அங்கே துடைப்பத்தோடு நிற்பவரிடம் பேசுங்கள். எந்த மொழியிலும் பேசலாம், அவருக்குத் தெரிந்திருக்கும்.