இரண்டு கூட்டல் குறி!

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் உள்ள கொரிய உணவகம் ஒன்றுக்கு நாலு பேராய்ப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் விலையைக் கூட்டினால் 100 வெள்ளி. ஆளுக்கு 25 தானே? விலைக்குப் பக்கத்தில் சின்னதாய் இரண்டு கூட்டல் குறி இருக்குமே, அதை யார் பார்த்தது? 10% சேவைக் கட்டணம் சேர்ந்து 110. அதன்மேல் 9% பொருள், சேவை வரி... ஆக 119 வெள்ளி 90 காசு! ஆளுக்குக் கூடிப்போன அந்த அஞ்சு வெள்ளியில் உணவங்காடியில் ஒரு வேளைச் சாப்பாடே முடிஞ்சிடும்.

சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்கள் இப்படி விலை போடச் சட்டமே இடம் தருகிறது. கொரியாவிலோ 2013 முதல் எல்லாம் சேர்த்த விலையைத்தான் போட வேண்டும். அந்த ஊர்ச் சமையல் வந்தது, வழக்கம் வரவில்லையே! விலை அதிகமா, இருக்கட்டும். முழுசாய்ப் போடுங்கள், உள்ளே வருவதா வேண்டாமா என்று நாங்க முடிவு பண்ணிக்கிறோம்!