எதிர்முறுக்கு

"கடையில் பன்னிரண்டு யூரோ கொடுத்தால் கிடைக்கிற சாமான் மாமா. அதற்காகவா ரெண்டு மணி நேரம் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. புதுச்சேரிக்குத் திரும்பி வந்து, சாவகாசமாக யோசித்ததில் பதில் கிடைத்திருக்கிறது.

மகள் பெசான்சோனில் இருக்கிறாள். பிரான்சில் கைக்கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பேசுகிற பிரெஞ்சு, அவர் சின்ன வயதில் படித்த பாடப்புத்தகத்தில் வருகிற பிரெஞ்சு மாதிரி இருக்கிறதாம். அதைக் கேட்கவே என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுவார். ஒருநாள், 25 கிலோமீட்டர் தள்ளி ஒர்னான் ஊரில் ஓடும் லூ ஆற்றுக்கு என்னைக் கூட்டிப் போனார். ட்ரவுட் மீனுக்குப் பேர்போன ஆறு.

அங்கே தூண்டில் போடுவது நம் ஊர் மாதிரி இல்லை. மண்புழு கிடையாது, தக்கை கிடையாது, ஈயக் குண்டும் கிடையாது. இறகாலும் நூலாலும் கட்டின பொய்ப் பூச்சிதான் இரை. அதற்கு எடையே இல்லை. எடையில்லாத பொருளைத் தூர எறிவது எப்படி? அதனால் நூலையே கனமாகச் செய்து, கழியை முன்னும் பின்னும் வீசி, நூல் போகிற வேகத்தில் பூச்சியையும் அனுப்புகிறார்கள். அந்தக் கனத்த நூலில் நேராகப் பூச்சியைக் கட்டினால் தண்ணீரில் சொத்தென்று விழும், மீன் ஓடிவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகிற ஒரு இணைப்பு வேண்டும். பிரெஞ்சில் 'பா த லீஞ்' என்பார்கள். மாட்டுவண்டிக்காரர் சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் கொடுத்த விசை நுனிவரை போவது அது மெலிந்துகொண்டே போவதால்தான்.

இதை இப்போது பெரும்பாலும் ஒற்றை நரம்பில் செய்து விற்கிறார்கள், நம் கடற்கரையில் தங்கூஸ் என்கிறோமே, அந்த ஜாதி. பழைய காலத்தில் குதிரை வால் மயிர். 1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்றில், மயிரை முறுக்கும் கருவிக்குப் படமே போட்டிருக்கிறார்கள். ஆண் குதிரையின் வால்தான் உசத்தி, பெண் குதிரையின் வால் அதன் மூத்திரம் பட்டே வலு குறைந்துபோகும் என்று ஒரு பேச்சும் உண்டு. பிறகு வந்தது 'க்ரேன் த புளோரான்ஸ்'. க்ரேன் என்றால் குதிரை மயிர் என்றுதான் நாங்கள் பள்ளியில் படித்தோம். இது அது இல்லையாம். பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை உருவி இழுத்துக் காயவைத்த நரம்பு. ஸ்பெயினில் முர்சியா பக்கம் இதுவே ஒரு தொழிலாக நடந்தது. டாக்டர்கள் இதைக்கொண்டு காயத்துக்குத் தையல்கூடப் போட்டார்கள். 1938-ல் நைலான் வந்தது, கொஞ்ச காலத்தில் புழுவுக்கு வேலை போயிற்று.

நைலானில் ஒரு குறை. சுருட்டி வைத்தால் சுருண்டபடியே இருக்கும். எவ்வளவு நீவினாலும் தண்ணீரில் விழுந்ததும் சுருள் தெரியும். இங்கேதான் முறுக்கு நூல் ஜெயிக்கிறது.

பெரியவர் இரண்டு மீட்டர் பலகையில் தலையில்லாத ஆணிகளை அடித்து வைத்திருந்தார். மெல்லிய பட்டு நூலை ஆணிக்கு ஆணி சுற்றி, ஒரு கண்ணிக்குள் அடுத்ததை நுழைத்து இரண்டு புரிகள் போட வேண்டும். தடித்த பக்கம் பத்து இழை, அப்புறம் எட்டு, ஆறு, நுனியில் நாலு. ஒவ்வொரு புரியையும் கை டிரில்லில் மாட்டி, பத்தில் ஒரு பங்கு குறுகும்வரை ஒரே திசையில் முறுக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து எடை கட்டி, எதிர்த்திசையில் சுற்றவிட வேண்டும். நம் ஊரில் தென்னங்கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புது வித்தை இல்லை. புரிக்கு ஒரு முறுக்கு, கயிற்றுக்கு எதிர்முறுக்கு. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் கயிறு பிரியாது, சுருளவும் சுருளாது. நுனியில் மூக்குத்தித் திருகு அளவுக்கு ஒரு வளையம் கோர்த்து, அதில் மெல்லிய நரம்பு ஒரு மீட்டர் கட்டி, பூச்சியைக் கட்டிவிடலாம். பூச்சி மாற்றும்போது அந்த நரம்புதான் குறையும். முறுக்கு நூல் அப்படியே இருக்கும்.

கையால் செய்ததெல்லாம் உசத்தி என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. நான் முறுக்கின முதல் இரண்டும் பன்றி வால் மாதிரி சுருண்டுவிட்டன. ஒரு புரிக்கு முறுக்கு ஏறிப்போய், மற்றதற்குக் குறைந்துபோன கோளாறு. நன்றாக வந்ததிலும் தொல்லை உண்டு. மெழுகு தடவாவிட்டால் தண்ணீர் குடித்து மூழ்கும். வீசும்போது மீனின் தலைக்குமேல் சாரல் தெளிக்கும். கிளையில் மாட்டி இழுத்தால் ரப்பர் போலத் துள்ளி வந்து சிக்காகிவிடும்.

முறுக்கு நூலும் கடையில் விற்கிறது. மாப்பிள்ளை சொன்ன பன்னிரண்டு யூரோ அதற்குத்தான். அப்படியென்றால் ஏன் முறுக்க வேண்டும்? அந்தப் பெரியவரின் வலது கை இப்போது நடுங்குகிறது. நாற்பது வருஷம் மயிரிழைச் சக்கரங்களைப் பிடித்த கை. வீச்சு பாதி தூரத்தில் பலமிழந்து, கடைசி முழம் குவியலாக விழுகிறது. கடைக்காரனுக்கு அந்தக் கையைத் தெரியாது. நல்ல கைக்கு ஒரு அளவு போட்டு ஆயிரம் செய்கிறான். நாங்கள் இரண்டு முழம் குறைத்து, தடித்த பக்கம் பத்துக்குப் பதில் பதினான்கு இழை போட்டோம். அவர் எண்ணினார், நான் சுற்றினேன். பைலுக்கு டேக் கட்டின கை எனக்கு, முடிச்சு மட்டும் நன்றாக வரும். மறுநாள் ஆற்றங்கரையில் நூல் கடைசிவரை நேராகப் போய் விரிந்தது. மீன் ஒன்றும் கடிக்கவில்லை. கடித்தாலும் திரும்ப ஆற்றில்தான் விடுவார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து "வொய்லா, முசே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. பன்னிரண்டு யூரோவுக்கு அந்தப் பதினான்கு இழை கிடைக்காது.

அங்கே ட்ரவுட் பிடிக்க மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை திறப்பு. இந்த வருஷம் திறந்த மறுவாரமே பெரியவர் போன் செய்தார். கை இன்னும் மோசம், இருபது இழை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். திண்ணையில் பலகை அடித்துவிட்டேன். பட்டு நூல் தையல் சாமான் கடையில் கிடைத்தது. அடுத்த மாதம் மாப்பிள்ளை ஊருக்கு வருகிறார். திரும்பிப் போகும்போது எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.