புதுவாயலில் எந்தத் தெரு?

என் சித்தி மகள் கணினி அறிவியல் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பொறியியல் படிக்கும் இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் நான். சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, புதுவாயல் கூட்டு ரோட்டில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்த என்னிடம் கேட்டாள்: "அக்கா, பைத்தான் கத்துக்கிட்டா போதும்னு சீனியருங்க சொல்றாங்க. யூடியூப்ல ஒருத்தரு கோடிங்கே செத்துப்போச்சு, ஏஐ படிங்கன்றாரு. நான் எதைப் படிச்சா வேலை கிடைக்கும்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாண்டுகள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது உழைப்புச் சந்தையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவள் நான். எனக்கே பதில் தெரியவில்லை என்றால் அந்தக் கேள்வியிலேயே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

எங்கள் ஊர் கொல்கத்தா நெடுஞ்சாலையில் பெரியபாளையம் சாலை பிரிகிற இடம். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். இன்னொரு பக்கம் தேர்வாய் கண்டிகை சிப்காட். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்ச்சல் நிலம் தொழிற்பூங்காவுக்காக எடுக்கப்பட்டபோது அந்த மக்கள் எப்படிப் போராடினார்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். 2009இல் மிஷ்லின் டயர் நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டது. நிலம் போனது, தொழிற்சாலைகள் வந்தன. ஆனால் எங்கள் தெருவில் 'சிப்காட் வேலை' என்றால் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் ஷிப்டுக்குப் போவதுதான். என் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் அப்படித்தான் போனார். ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள், அப்பாவின் நிலை மாறவில்லை.

அதனால்தான் கம்ப்யூட்டர் வேலை எங்களுக்கு வெறும் சம்பளமாகத் தெரியவில்லை. சாதி கேட்காத வேலையாகத் தெரிந்தது. அந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கப்பட்டது. எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. சித்தி மகள் படிப்பது அந்த ஒதுக்கீட்டில்தான். சமூக நீதி எங்களைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட்டது.

அந்த வாசலைத் தாண்டி நிறுவனத்துக்குள் எங்களைக் கூட்டிப்போனது வளாக நேர்காணல். அதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெரிய அரங்கில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து ஒரே தேர்வை எழுதினோம். அந்தத் தேர்வில் யாரும் என் அப்பாவின் வேலையைக் கேட்கவில்லை. நிறுவனங்களின் பெருந்தன்மை அல்ல இது. இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று தலைக்கணக்கில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் தொழில் அது. தலைகள் தேவைப்பட்டன. ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும்போது ஒவ்வொருவரின் பூர்வீகத்தையும் துருவிக்கொண்டிருக்க முடியாது. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தாம் நாங்கள்.

உள்ளே போன பிறகு கதை வேறு. கவரைப்பேட்டையில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பறக்கும் ரயில் பிடித்துத் தரமணி போய்ச் சேருவேன். சேர்ந்த இரண்டாவது மாதம், பொன்னேரிப் பக்கத்தைச் சேர்ந்த குழுத் தலைவர் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "புதுவாயலா? நமக்கு நல்லா தெரியும். அங்க எந்தத் தெரு?" சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வார இறுதிச் சந்திப்புகளுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. அந்தச் சந்திப்புகளில்தான் யாருக்கு எந்த ப்ராஜெக்ட் என்று முடிவாகும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. இதைச் சாதி என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி நடப்பதுதான் அலுவலகச் சாதியின் பலம்.

இப்போது வருவோம், தொழில் மாறுகிறது என்கிற பேச்சுக்கு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்பு, அதே ஆண்டு பிப்ரவரியில், உள் தேர்வில் தேறவில்லை என்று கூறி மைசூரு வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை இன்ஃபோசிஸ் வெளியேற்றியது. தொடக்கநிலைச் சம்பளமோ பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் வேலைகள் என்னென்ன? சோதனை எழுதுவது, சின்னச் சின்னப் பிழை திருத்துவது, ஆவணம் தயாரிப்பது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் கை வைத்திருப்பதும் இவற்றில்தான். ஏணியின் கீழ்ப்படியைத்தான் முதலில் உருவுகிறார்கள். கீழ்ப்படி இல்லாவிட்டாலும் ஏறிவிடக் கூடியவர்கள், ஏற்கெனவே மேல்தளத்தில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள்தாம்.

மொத்தமாக ஆள் எடுப்பது சுருங்கினால் அதன் இடத்தில் வருவது எது? ஊழியர் பரிந்துரை என்கிற ரெஃபரல். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். சொந்த நேரத்தில் செய்து காட்டும் ப்ராஜெக்ட். சரளமான ஆங்கிலம். 'எங்கள் பண்பாட்டுக்குப் பொருந்துவாரா' என்கிற கேள்வி. இவற்றில் எதுவும் சாதியைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. ஆனால் பரிந்துரைக்க யார் வீட்டில் ஆள் இருக்கிறது? ஆறு மாதம் சம்பளமில்லாமல் சென்னையில் அறை எடுத்துத் தங்க யாருக்கு வசதி இருக்கிறது? எங்கள் பிள்ளைகளில் பலர் செமஸ்டர் விடுமுறைக்கு சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள்.

இது புலம்பல் அல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வருவதற்கான வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருந்தது. கடல் கடந்தால் மாறுமா? 2020இல் கலிஃபோர்னியா அரசின் துறையே சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். மனிதர்களை விலக்கிவிட்டு இயந்திரத்திடம் தேர்வை ஒப்படைத்தால் நியாயம் பிறந்துவிடும் என்பாரும் உண்டு. அமேசான் உருவாக்கிய ஆள்தேர்வு மென்பொருள், பழைய விண்ணப்பங்களைப் படித்துப் படித்துப் பெண்களைப் பின்னுக்குத் தள்ளக் கற்றுக்கொண்டது 2018இல் வெளியே வந்தது. நேற்றைய பாரபட்சத்தைத் தின்னக் கொடுத்தால் இயந்திரம் நாளைக்கும் அதைத்தான் கக்கும்.

அப்படியானால் படிக்க வேண்டாமா? கட்டாயம் படிக்க வேண்டும். சித்தி மகளுக்கு நான் சொல்வது இதுதான்: மாதம் ஒரு புதுக் கருவியைத் துரத்தாதே. தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், வலைப்பின்னல், தரவுத்தளம் ஆகிய அடிப்படைகளை உறுதியாகக் கற்றுக்கொள். அடுத்தவர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கப் பழகு. இயந்திரம் எழுதித் தருவதில் எது தவறு என்று சொல்லத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நானும் அந்த யூடியூப் ஆளும் ஒன்றுதான். 'உன்னை மேம்படுத்திக்கொள்' என்கிற அறிவுரை, கதவை மூடியவனை விட்டுவிட்டு வெளியே நிற்பவளைக் குற்றவாளியாக்குகிறது. தகுதி, திறமை என்று முன்பு சொன்னதைத்தான் இப்போது 'அப்ஸ்கில்' என்கிறார்கள்.

நம் இயக்கத்தையும் கொஞ்சம் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்று மேடைதோறும் முழங்குகிறோம். நியாயமான முழக்கம்தான். ஆனால் கையில் இருக்கும் சட்டத்தை எத்தனை பேர் எடுத்துப் பார்த்திருக்கிறோம்? 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை உதவித்தொகையோடு பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். அதன் 3ஏ பிரிவு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், 3பி பிரிவு பிற்படுத்தப்பட்டோருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. ஆய்வுக்காகப் படிக்கும் வரை எனக்கும் இது தெரியாது. உருவப்பட்ட அந்தக் கீழ்ப்படிக்கு மாற்றாக ஒரு படியைச் சட்டத்தின் பெயரால் கேட்க இதில் இடமிருக்கிறது.

ஆகவே கேட்போம். அரசு நிலமும் சலுகையும் பெறும் ஒவ்வொரு தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் எத்தனை பழகுநர்களை எந்தெந்தப் பிரிவிலிருந்து சேர்த்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசிடம் கேட்போம். ஊழியர்களின் சமூகப் பிரிவுக் கணக்கை வெளியிடச் சொல்வோம். உள்ளே இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசே 2016இல் தெளிவுபடுத்திவிட்டது. சங்கத்தில் சேருங்கள், அங்கே சாதியைப் பற்றியும் பேசுங்கள். உங்கள் ரெஃபரல் ஒன்றையாவது உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

அன்று பேருந்து வந்துவிட்டது. "யோசிச்சு சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு காகிதங்களை எடுத்துப்போகிறேன். ஒன்றில் அவள் படிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல். இன்னொன்றில் தொழில் பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவு, தமிழில். முதல் காகிதத்தை அவள் தனியாகப் படித்துக்கொள்வாள். இரண்டாவதை அவளுடைய வகுப்புத் தோழிகளையும் கூட்டிவைத்துப் படிக்க வேண்டும்.