மண்ணைக் கேட்காமல் எழுதும் அரசாணைகள்: நிலச் சீரழிவு குறித்து எங்கள் நிலைப்பாடு

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரிக் காடுகளில் உழுபவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், மண்ணியலும் தாவரவியலும் நீரியலும் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. நிலம் பாழாவதைத் தடுக்க அரசு எடுக்கும் முடிவுகளில் அறிவியலுக்கு என்ன இடம் வேண்டும் என்பது பற்றிய எங்கள் கருத்தை இங்கே பொதுவில் வைக்கிறோம்.

நாங்கள் கேட்பது இதுதான். நிலத்தைப் பற்றி எந்தத் துறை ஆணை போட்டாலும், எந்த மண் விவரத்தையும் எந்த நீர்க் கணக்கையும் நம்பி அதைப் போடுகிறது என்று ஆணையிலேயே எழுத வேண்டும். அந்த விவரம் அந்தந்த ஊர் அளவில் எடுத்ததாக இருக்க வேண்டும். சில ஆண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் ஆணையைத் திருத்த வேண்டும். இன்று இந்த மூன்றும் நடப்பது அபூர்வம்.

ஒரு மரம், மூன்று கணக்கு

இதைப் புரியவைக்க எங்கள் பகுதியில் சீமைக்கருவேலத்தை விடப் பொருத்தமான சான்று கிடையாது. 1877 வாக்கில் கடப்பைப் பகுதியில் விதை ஊன்றியதிலிருந்து இந்தியாவில் இதன் வரலாறு தொடங்குகிறது. 1961-ல் குஜராத் வனத்துறை, உப்புப் பாலை முன்னேறாமல் தடுப்பதற்காக, கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியில் இதை நடத் தொடங்கியது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் விறகுக்கும் வேலிக்கும் என்று இது பரவியதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். நட்டவர்கள் அறிவியலைக் கேட்காமல் நடவில்லை. மழை குறைந்த, உப்புப் படிந்த மண்ணில் எந்த மரம் சீக்கிரம் வளரும் என்று கேட்டார்கள். வல்லுநர்களும் சரியாகவே பதில் சொன்னார்கள். புல் என்னவாகும், கண்மாய் என்னவாகும், மேய்ச்சலை நம்பிய குடும்பங்கள் எங்கே போகும் என்பவை அன்றைய கோப்பில் இல்லாத கேள்விகள். பன்னியில் பாதிக்கு மேற்பட்ட பரப்பை இன்று சீமைக்கருவேலம் பிடித்துவிட்டது. எருமை வளர்த்துப் பிழைக்கும் மால்தாரிகளின் புல்வெளி முள்காடாகிவிட்டது.

பிறகு காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2017-ல் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவுகளை அடுத்து, தென்மாவட்டங்களில் ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. அரியலூரில் ஜாமீன் கேட்டு வந்தவருக்கு நூறு சீமைக்கருவேல மரங்களை வெட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்த அளவுக்கு அந்த வேகம் போனது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, மழையை விரட்டுகிறது, நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்றெல்லாம் வாட்ஸப்பில் சுற்றிய செய்திகளுக்கு ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் பொதுவெளியில் விவாதம் அவற்றைச் சுற்றியே நடந்தது.

உண்மையில் தெரிந்தது என்ன? ஆழ வேர்விட்டு நிலத்தடி நீரை எடுக்கிறது. அடியில் புல் முளைக்க விடுவதில்லை. ஆடும் மாடும் தின்ற காய்களின் விதை சாணத்தோடு ஊரெல்லாம் போய் முளைக்கிறது. மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. இது ஒரு பக்கம். கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நீண்டகால ஆய்வுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. வேறெதுவும் பிழைக்காத களர் நிலத்தில் இதே மரத்தை வளர்த்தால் மண்ணின் காரத்தன்மை குறைகிறது, கரிமச்சத்து கூடுகிறது. ஆக, கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் கெடுதல் செய்யும் மரம் களர்பிடித்த பொட்டலில் மண்ணுக்கு உதவுகிறது. மாநிலம் முழுக்க நடு என்பதும், மாநிலம் முழுக்கப் பிடுங்கு என்பதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள்.

2022-ல் தமிழ்நாடு அரசு அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதை நாங்கள் வரவேற்றோம், இப்போதும் ஆதரிக்கிறோம். அதே ஆண்டில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வனப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. இங்கேதான் சிக்கல். இந்திய வனக் கணக்கெடுப்பில், ஒரு ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள பரப்பில் பத்து சதவீதம் மரநிழல் இருந்தால் அது வனப் பரப்பு. எந்த மரம் என்று யாரும் கேட்பதில்லை. செயற்கைக்கோளின் கண்ணுக்குக் கண்மாயை அடைத்த முள்மரமும் பச்சைதான். ஒரு துறை அதை அகற்றிச் சாதனை எழுதும்போது இன்னொரு துறையின் கணக்கில் பசுமை குறையும். அது மீண்டும் துளிர்த்தால் அந்தக் கணக்கில் முன்னேற்றம் என்று பதிவாகும்.

சீரழியும் நிலத்துக்கு ஈடாக நிலத்தை மீட்க வேண்டும் என்ற நிலச் சீரழிவுச் சமநிலைக்கான உலகக் கணக்கிலும் இப்படி ஒரு பொறி உண்டு. புல்வெளி மரக்காடானால் பொதுவாக அது மேம்பாடு என்றே பதிவாகிறது. நமீபியா அதை அப்படியே ஏற்கவில்லை. அங்கே மேய்ச்சல் நிலத்தில் முட்புதர் பெருகுவதுதான் முதன்மையான சீரழிவு என்பதால், அதைச் சீரழிவாகவே தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஒரு நாடு தன் நிலத்தைத் தெரிந்துகொண்டு அளவுகோலையே திருத்த முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. தமிழ்நாட்டின் பசுமைக் கணக்கில் சீமைக்கருவேலத்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

ஏலம் விட்டால் தூர் நிற்கும்

கொள்கை எழுதியாயிற்று, களத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலத்தை அகற்றுவது பெரும்பாலும் ஏலம் மூலம்தான். ஏலம் எடுத்தவருக்கு வேண்டியது விறகும் கரிமூட்டத்துக்கான கட்டையும். துளிர்க்கும் மொட்டுகள் தூரில், மண்ணோடு ஒட்டிய இடத்தில் இருக்கின்றன; சுமார் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்தால்தான் மரம் சாகும். தோண்டக் கூலி யார் தருவது? ஏலத்தொகையில் அதற்கு இடமில்லை. எனவே முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழைக்கு ஒரு தூரிலிருந்து நாலைந்து கிளைகள் கிளம்பி, முன்பு தனிமரமாக நின்ற இடம் புதராகிவிடும். தாவரவியல் மாணவர் யாரைக் கேட்டாலும் சொல்லும் விஷயம் இது. ஏல நிபந்தனை எழுதுபவரின் மேசைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அறிவியலைக் கொள்கைக்குள் கொண்டுவருவது என்று நாங்கள் சொல்லும்போது, பெரிய மாநாடுகளை விட இந்த ஏல நிபந்தனையைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறோம்.

இதில் மனிதர்களும் இருக்கிறார்கள். கமுதி, முதுகுளத்தூர் பக்கத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது கரிமூட்டத்தால்தான். கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, புகைக்குள் நின்று காவல் காத்து எடுக்கும் கரி அது. நுரையீரலுக்குக் கெடுதல் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். மாற்று வருமானம் பற்றி ஒரு வரிகூட இல்லாத அகற்றும் திட்டம் எங்கள் பார்வையில் அரைகுறைத் திட்டமே. பொருளியலும் அறிவியல்தானே.

வரைபடத்துக்கும் வயலுக்கும் நடுவில்

தரவு இல்லாத நாடு என்று இந்தியாவைச் சொல்ல முடியாது. அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்ட நிலவரைபடத் தொகுப்பு, 2018-19-ல் நாட்டில் 9.785 கோடி ஹெக்டேர், அதாவது மொத்தப் பரப்பில் 29.77 சதவீதம், சீரழிந்த நிலையில் இருப்பதாகச் சொல்கிறது. 2003-05-ல் இது 9.453 கோடி ஹெக்டேர். நீர் அரிப்பு, தாவரப் போர்வை குலைவது, காற்று அரிப்பு என்று காரணங்களையும் பிரித்துக் காட்டுகிறது. அருமையான வேலை. ஆனால் அந்த நாடளாவிய வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் ஐந்து கிலோமீட்டர். தேர்ந்தெடுத்த சில மாவட்டங்களுக்கு இதை விட நுணுக்கமான வரைபடங்கள் உண்டு. அவையும் ஊராட்சி மன்றக் கூட்டத்தின் மேசைக்கு வருவதில்லை.

மண்வள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் தொடங்கியபோது இருந்த விதிப்படி, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அப்படியானால் மானாவாரியில் ஒரே மாதிரியின் முடிவு சுமார் பதின்மூன்று பேருக்கு அட்டையாகப் போகும். அவர்களில் ஒருவர் நிலம் மேட்டுச் செவலாகவும் இன்னொருவர் நிலம் பள்ளத்துக் கரிசலாகவும் இருக்கலாம். அட்டை பன்னிரண்டு அளவுகளைச் சொல்கிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம். மண்ணின் ஆழம் எவ்வளவு, ஒரு மழை நீரை எத்தனை நாள் பிடித்து வைக்கும், மேல்மண் எவ்வளவு கரைந்து போயிருக்கிறது என்பவை அதில் கிடையாது. வானம் பார்த்த பூமிக்கு முதலில் தெரிய வேண்டியவை அவைதான். எந்த உரம் எவ்வளவு போடுவது என்ற கேள்விக்காக வடிவமைத்த அட்டையை வைத்து நிலச் சீரழிவைத் தடுக்க முடியாது.

மேய்ச்சல் புறம்போக்கின் நிலைமை இன்னும் மோசம். கோப்பில் அது ‘தரிசு’. யாருக்கும் பயன்படாத நிலம் என்ற பொருளில் மரம் நடவோ சூரியமின் பலகை பதிக்கவோ முதலில் கைவைக்கப்படுவது அதுதான். எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் உட்கார்ந்து கேட்டால், எந்தப் புல் எந்தப் பக்கம் எந்த மாதத்தில் நிற்கும், எது காணாமல் போனது என்று பெயர் பெயராகச் சொல்வார்கள். அதை எழுதிச் சரிபார்க்கும் வேலையைத் தாவரவியல் துறைகள் எடுத்துக்கொள்ள வேண்டும். நில வகைப்பாட்டை மாற்றும் முன் அந்தப் பதிவைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும்.

அறிவியலும் திருத்திக்கொள்ளும்

நாங்கள் அறிவியலை வேதவாக்காக வைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் சாஹேல் வறட்சியின்போது, சகாரா ஆண்டுக்குப் பல கிலோமீட்டர் தெற்கே நகர்கிறது என்று 1970-களில் எழுதப்பட்டது. சூடான் பற்றிய ஓர் அறிக்கையில் வந்த ஐந்தரை கிலோமீட்டர் என்ற எண் உலகம் சுற்றியது. பின்னர் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தபோது, பாலையின் விளிம்பு மழையைப் பொறுத்து முன்னும் பின்னும் போய்வருவது தெரிந்தது. அதே சாஹேலில், நைஜரின் மராடி, ஜின்டர் பகுதி விவசாயிகள், வயலில் தானாக முளைத்த தூர்களை வெட்டாமல் கழித்துக் காத்து, சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டிருந்தார்கள். அதன் பரப்பு எவ்வளவு என்பதை ஆய்வாளர்கள் உணர்ந்தது பிற்பாடுதான். மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பழைய பிடி தளர்ந்ததும் அங்கே ஒரு முக்கியக் காரணம்.

இதனால்தான் மறு அளவீட்டை வலியுறுத்துகிறோம். இன்று நம்பும் முடிவு நாளை மாறலாம் என்று வைத்துக்கொண்டே ஆணையை எழுத வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்பது ஆணையின் ஒரு பிரிவாக இருக்க வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்

பாலையாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கை 1994-ல் பாரிஸில் ஏற்கப்பட்டது. இந்தியா 1996-ல் ஒப்புதல் அளித்தது. ஆய்வு முடிவுகளை அரசுகளிடம் சேர்ப்பதற்கென்றே 2013-ல் விண்ட்ஹுக்கில் நடந்த உடன்படிக்கை மாநாட்டில் ஒரு தனி அமைப்பை உருவாக்கினார்கள். 2019-ல் டெல்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் நடந்த மாநாட்டில், 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்பதாக இந்தியா அறிவித்தது. ஆய்வுக்கும் அரசுக்கும் இடையே மேலே பாலம் இருக்கிறது, மாவட்டத்தில் இல்லை. ஆட்சியருக்கு மண் பற்றி ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு இன்று அதிகாரபூர்வமான வழி கிடையாது. யாராவது நல்ல அதிகாரி தெரிந்த பேராசிரியருக்கு போன் செய்தால் உண்டு.

வறண்ட மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும், வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம், அரசின் மண் ஆய்வுப் பிரிவு, நீர்வளத் துறை, கால்நடைத் துறை இவற்றிலிருந்து தலைக்கு ஒருவரையும், கண்மாய்ப் பாசனத்தார், மேய்ப்பவர் பிரதிநிதிகளையும் கொண்ட நிலையான குழு வேண்டும். அதன் கருத்து எழுத்தில் இருக்க வேண்டும், தமிழில் இருக்க வேண்டும், ஆணைக்கு முன்பே இணையத்தில் வெளியாக வேண்டும். ஆட்சியர் அதை ஏற்காமல் போகலாம். அந்த அதிகாரம் மக்களாட்சியில் அவருக்கும் அரசுக்கும்தான். ஏன் ஏற்கவில்லை என்று எழுதினால் போதும். மண் விவரங்கள் சர்வே எண் வாரியாக, பட்டா பார்ப்பது போல எவரும் பார்க்கும்படி கிடைக்க வேண்டும். மரக்கன்று எத்தனை நட்டோம், எத்தனை கன மீட்டர் மண் வெட்டினோம் என்ற எண்ணிக்கையோடு, மூன்றாம் ஆண்டில் எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது, கண்மாயில் நீர் எத்தனை நாள் நின்றது, மண்ணில் கரிமம் கூடியதா என்பவற்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று: விவசாயி கேட்ட கேள்விக்குக் கள ஆய்வு செய்து பதில் தந்ததைப் பதவி உயர்வுக்கான மதிப்பெண்ணில் சேருங்கள். வெளிநாட்டு ஆய்விதழில் வந்த கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் என்றால் கமுதிக்கு யார் வருவார்கள்?

இதெல்லாம் வேலையைத் தாமதப்படுத்தும் என்ற எதிர்ப்பு வரும். தாமதமாகும்தான். வெள்ளம், கரை உடைப்பு போன்ற அவசரங்களுக்கு நாங்கள் இதைக் கேட்கவில்லை. அறுபது ஆண்டு நிற்கப்போகும் மரத்தைப் பற்றி முடிவெடுக்க ஆறு மாதம் கூடுதலாக ஆவதில் நட்டம் இல்லை.

எங்கள் பங்குக்கு, உறுப்பினர்கள் வைத்திருக்கும் மழை, விளைச்சல், மேய்ச்சல் குறிப்புகளை எவர் வேண்டுமானாலும் சரிபார்க்கத் தருகிறோம். கண்மாயில் சீமைக்கருவேலத்தை எடுத்தபின் நீர் நிற்கும் நாள் கூடவில்லை என்று அளவீடு காட்டினால், அதையும் இதே போலப் பொதுவில் சொல்வோம்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். அடுத்து ஏலம் விடும் கண்மாய்களின் நிபந்தனையில் நான்கு வரி சேர்க்கலாம்: தூரோடு அகற்ற வேண்டும், அதற்கான கூலி ஏலத்தொகையில் கழியும், இரண்டு மழைக்காலத்துக்கு மறுதுளிரை எடுப்பது ஏலதாரர் பொறுப்பு, காலியான இடத்தில் நாட்டுக் கருவேலமோ புல்லோ எது வளர வேண்டும் என்பதை மண்ணைப் பார்த்து ஆராய்ச்சி நிலையம் எழுதித் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஆட்சியரின் கையெழுத்து போதும்.