கோளாறு இலக்கம் தீர்ப்பு அல்ல

“ஸ்கேன் பண்ணியாச்சு, சென்சர் போயிருக்கு.” கல்முனைப் பக்கத்துக் கராஜ்களில் இப்போது அடிக்கடி கேட்கும் வாசகம் இது. இதனை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே அதே கோளாறோடு திரும்பி வருகின்றவர்களை நான் கண்டிருக்கின்றேன். குறை மெக்கானிக்குகளிடம் மாத்திரம் இல்லை. சோதித்துப் பார்ப்பதற்குக் கூலி கொடுக்க மறுக்கும் நம்மிடமும் இருக்கின்றது என்பதே என் அபிப்பிராயம்.

மருதமுனையிலுள்ள என் மச்சான் ஒருவரிடம் டேர்போ பூட்டிய பழைய டீசல் வேன் ஒன்று இருக்கின்றது. கண்டி வைத்தியசாலைக்கு நோயாளர்களை ஏற்றிச் செல்வதே அவரது பிழைப்பு. சமதரையில் ஒழுங்காக ஓடும் வேன், மஹியங்கனையைத் தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போது சில நாட்களில் திடீரென இழுவை இழந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகும். ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி மீண்டும் ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். உள்ளே நோயாளியும் பின்னால் லொறியும் இருக்கையில், அந்த வளைவுகளில் இது எத்தகைய ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒரு கராஜில் ஸ்கேன் செய்தபோது பி-0299 என்ற இலக்கம் வந்தது. அமுக்க சென்சரை மாற்றினார்கள், கோளாறு போகவில்லை. இன்னொரு கராஜில் டேர்போவையே மாற்றச் சொன்னார்கள். அது மச்சானின் பல மாத வருமானம்.

அந்த இலக்கம் உண்மையில் என்ன சொல்கின்றது? “எதிர்பார்த்த அளவு காற்றமுக்கம் வரவில்லை” என்பதை மாத்திரமே சொல்கின்றது. எரிந்து வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவது டேர்போ. எவ்வளவு அமுக்கம் சேர்ந்தது என்று கணினிக்கு அறிவிப்பது சென்சர். அறிவிப்பும் எதிர்பார்ப்பும் பொருந்தாவிட்டால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் கணினி டீசலைக் குறைத்துத் தற்காப்பு நிலைக்குப் போய்விடும். ஆனால் அமுக்கம் உண்மையிலேயே குறைந்ததா, அல்லது குறைந்ததாகச் சென்சர் பொய் சொன்னதா என்பது அந்த இலக்கத்தில் இல்லை. ஹோஸ் வெடித்திருந்தாலும், இன்டர்கூலர் கசிந்தாலும், டேர்போ இறுகியிருந்தாலும், வயர் பழுதானாலும் அதே இலக்கம் வரலாம்.

செய்தித்துறையில் ஒருவர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே அச்சிடுவதில்லை. வேறொரு வழியாலும் உறுதிப்படுத்துவோம். வாகனத்திலும் அவ்வழி உண்டு. காற்றுக் குழாயில் தனியாக ஓர் அமுக்கமானியைப் பொருத்தி ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாதாரண அமுக்கமானி வெளிக்காற்றுக்கு மேலதிகமானதை மாத்திரமே காட்டும். ஆகவே அதனோடு ஏறத்தாழ 100 கிலோபாஸ்கலைக் கூட்டிச் சென்சரின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் காற்று எங்கோ போகின்றது. அமுக்கமானி சரியாகக் காட்டச் சென்சரின் கணக்கு மாத்திரம் குறைந்தால், கோளாறு சென்சரிலோ அதன் வயரிலோதான்.

வளைகுடாவில் தொழில் பார்த்துத் திரும்பிய ஓர் இளைஞர் அவ்வாறே பார்த்தார். அமுக்கமானி சரியாகவே காட்டியது. பிறகு எஞ்சினை நிறுத்தி, சாவியை மாத்திரம் திருப்பிவைத்தார். கடல்மட்டத்தில் அப்போது சென்சர் காட்ட வேண்டியது ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல், அதையே காட்டியது. பிளக்கை மெல்ல அசைத்தார். கணக்கு 80 அளவிற்கு இறங்கியது. கல்முனையில் நின்ற வேன், தான் நுவரெலியாவில் நிற்பதாக நினைத்துக்கொண்டது! பிளக்கைக் கழற்றினால், சென்சருக்கு 5 வோல்ட் கொண்டுவரும் பின் பச்சை பிடித்துக் கிடந்தது. புதிய சென்சரையும் அதே பிளக்கில்தான் மாட்டியிருந்தார்கள்.

பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை உப்புக்காற்றில் நிற்கும் வாகனங்களில் இது வியப்பன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓடினோம். வயர்களுக்கும் வயது போயிருக்கின்றது.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அந்த இளைஞர் கூலி கேட்டபோது மச்சான் சொன்னார்: “ஒரு சாமானும் மாத்தலியே தம்பி, இதுக்கும் காசா?” வைத்தியரைச் சேனல் செய்து, அவர் மருந்தே எழுதாவிட்டாலும் கட்டணம் கொடுத்து எழும்பி வருகின்றோம். மெக்கானிக்கின் அறிவுக்கு மாத்திரம் விலையில்லை. அவர் மாற்றும் உதிரிப்பாகத்திற்குத்தான் விலை. அப்படியிருக்க, அவர் பாகம் மாற்றுவதிலேயே ஆர்வம் காட்டுவதில் என்ன ஆச்சரியம்?

“ஏழைக்கு இரண்டு செலவா?” என்று கேட்கலாம். தேவையற்ற சென்சருக்குக் கொடுத்த பணமும், ஓடாமல் நின்ற நாட்களின் வருமானமும் ஏழையின் சட்டைப்பையிலிருந்துதான் போயின. சோதனைக்கான கூலி அவற்றைவிடக் குறைவு.

ஆகவே இரு தரப்புக்கும் என் வேண்டுகோள் இதுதான். கராஜ்காரர்கள் சோதனைக் கட்டணத்தைத் தனியாக எழுதிப் பகிரங்கமாகத் தொங்கவிடட்டும். வாகனக்காரர்கள் அதனைப் பேரம் பேசாமல் கொடுக்கட்டும், கொடுத்துவிட்டு, “எந்த இலக்கம் வந்தது? அதனை எதைக் கொண்டு உறுதிப்படுத்தினீர்கள்? திருத்துவதற்கு முன்னும் பின்னும் கணக்கு என்ன?” என்று கேட்கட்டும். இம்மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.