உலகம் படைச்சது போதும், கப்பல்ல ஏறுங்க

நம்ம மக்களுக்கு ஒரு வியாதி இருக்கு. நாலு பேர் சேர்ந்து எழுத்திலேயே ஒரு ரோல்-பிளேயிங் ஆட்டம் ஆடலாம்னு வாயைத் திறந்தா போதும், மறுநாள் காலைல ஒருத்தர் வம்சாவளியோட வந்து நிப்பார். ராஜா, ராஜாவோட அப்பா, அப்பாவோட ரெண்டாவது சம்சாரம், அந்தம்மா பெத்த பையன் மூத்தவனை ஏன் வெறுக்கிறான்... அடுத்தவர் வரைபடம் போடுவார். மூணாமவர் அந்த நாட்டுக் காசுக்கு எத்தனை நெல்லுன்னு கணக்குப் போட்டுட்டு இருப்பார். இப்போ நாம பேசிட்டு இருக்கிற சோழர் கால ஆட்டத்துக்கும் அதே கதிதான். திட்டம்னு ஒரு கோப்பு சுத்துது, 62 பக்கம். முழுசா படிச்சேன். பழுவேட்டரையர் மாதிரி மீசை வச்ச ஆளுங்க மட்டும் அதுல நாலு பேர். ஒருத்தர் ரெண்டு நாள் எழுதலைன்னா ஆட்டம் என்ன ஆகும்? அதுக்கு ஒரு வரி கிடையாது.

ஐயா, அம்மா, அது திட்டம் இல்லை. யாரும் எழுதப் போகாத ஒரு நாவலோட முன்னுரை.

புதுசா வர்றவங்களுக்காக ரெண்டு வார்த்தை. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தைக் கொண்டு வந்தாங்க. மேஜையைச் சுத்தி உக்காந்து, நடத்துறவர் நிலைமையைச் சொல்லுவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரமா இருந்து "நான் கதவை உடைக்கிறேன்"னு சொல்லுவாங்க. உடையுதா, தோள்பட்டை உடையுதான்னு பகடை சொல்லும். ஒரே நேரத்துல ஒரே இடத்துல கூட முடியாதவங்க அதையே பத்தி பத்தியா எழுதி ஆடினா, அதுதான் நம்ம ஆட்டம். ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் டொராண்டோ, ஒருத்தர் குழந்தை தூங்கினப்புறம் மதுரைலேர்ந்து.

"அப்போ இது கூட்டா எழுதுற தொடர்கதைதானே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். இல்லவே இல்லை. தொடர்கதைல என் முறை வந்தா நான் யாரை வேணா கொல்லலாம், யாருக்கு வேணா கல்யாணம் பண்ணி வைக்கலாம். இங்க என் ஆளோட கையும் வாயும் மட்டும்தான் எனக்குச் சொந்தம். நான் கத்தியை ஓங்கலாம். உங்க ஆளோட தலை உருண்டதுன்னு எழுத எனக்கு உரிமை கிடையாது. அந்தக் கட்டுப்பாடுதான் சுவாரசியமே. என்ன நடக்கும்னு எழுதுற எனக்கே தெரியாது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இதுவரைக்கும் மூணு ஆட்டத்துல ஆடியிருக்கேன். மூணுமே நடுவழில செத்துப் போச்சு. வரைபடம் இல்லாம செத்தது ஒண்ணுகூட இல்லை. முதல் ஆட்டத்துல கோட்டைச் சாவி ஒரு தளபதி கையில. அந்தத் தளபதியா ஆடினவர் வேலை மாறி வேற ஊருக்குப் போனார், எழுதறதை நிறுத்திட்டார். நாங்க ஏழு பேர் கோட்டை வாசல்ல ஆறு வாரம் நின்னோம். குளிர் எப்படி இருந்ததுன்னு வர்ணிச்சோம், தீ மூட்டினோம், பழைய காதலைப் பத்திப் பேசினோம், அப்புறம் ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போயிட்டோம். இன்னைக்கு வரைக்கும் அந்தக் கோட்டைக்குள்ள என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது.

மூணாவதை நினைச்சாதான் இன்னும் வயித்தெரிச்சல். அதுல ஒரு அக்கா ஓடக்காரனா ஆடினாங்க. அதுக்கு முன்னாடி கடிதம் தவிர எதுவும் எழுதினதில்லைன்னு சொன்னவங்க. அந்த ஓடக்காரன் துடுப்பை நிறுத்திட்டு ஆத்துத் தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பாத்து, "மேல எங்கேயோ மழை"ன்னு சொல்ற இடம் ஒண்ணு எழுதினாங்க பாருங்க... நாங்கெல்லாம் மூணு பத்தி உவமையோட திணறிட்டு இருந்தப்போ. அவங்க முறை முடிஞ்சதும் அடுத்து எழுத வேண்டிய இளவரசர் மூணு வாரம் காணோம். (இளவரசருக்கு 11 பக்கத்துக்கு முன்கதை உண்டு.) அக்கா ரெண்டு தடவை கேட்டாங்க, "நான் ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"ன்னு. அதுக்கப்புறம் எழுதவே இல்லை. கேட்டா "அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா"ங்கறாங்க.

இப்படி ஆளைத் தொலைச்சது போதாதா? நம்ம கூட்டத்துல இதுக்குன்னு நேரம் ஒதுக்கறவங்க எத்தனை பேர் மிச்சம் இருக்கோம்னு எண்ணிப் பாருங்க.

கொஞ்சம் கணக்கு. அஞ்சு பேர் ஆடுறாங்க, நடத்துறவரோட சேர்த்து ஆறு. ஒரு சண்டை வருது. மேஜைல ஆடுற மாதிரியே வரிசையா, ஒருத்தர் முடிச்சாதான் அடுத்தவர்னு வச்சா, ஆளுக்கு ஒரு நாள்னே வைங்க, ஒரு சுற்றுக்கு ஆறு நாள். அஞ்சு சுற்றுக்கு ஒரு மாசம். மேஜைல அதே சண்டை அரைமணி நேரம். அதுவும் எல்லாரும் தினமும் ஒழுங்கா எழுதினா. யாரு எழுதறா? ஒருத்தருக்கு ஜுரம், ஒருத்தர் வீட்ல விசேஷம்னா ரெண்டு மாசம் ஆகும். ரெண்டு மாசமா ஒரே வாள் ஒரே இடத்துல ஓங்கினபடியே இருந்தா அது சண்டை இல்லை, சிலை.

இது என்னமோ நமக்கு மட்டும் புதுசா வந்த கஷ்டம் மாதிரி பேசறதுதான் எனக்குப் பிடிக்கலை. தபால்ல ஆடினவங்க இதை எப்பவோ தீர்த்து வச்சுட்டாங்க. 'டிப்ளமசி'ன்னு ஒரு ஆட்டம், ஆலன் கல்ஹாமர் 1959ல வெளியிட்டது. ஐரோப்பாவோட ஏழு வல்லரசுகள், 1901லேர்ந்து தொடங்கும். அதை 1963ல ஜான் போர்ட்மன் தன்னோட சின்ன இதழ் வழியா தபால்ல ஆட வச்சார். ஏழு பேரும் தங்களோட படைகளுக்கான ஆணையை ரகசியமா எழுதி அனுப்பணும். கெடு முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒண்ணாப் பிரிச்சு ஒரே நேரத்துல நடத்துவாங்க. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கடிதம் வரலையா? அந்தப் படை இருந்த இடத்திலேயே நிக்கும், ஆட்டம் நகரும். அவ்வளவுதான். திட்டறதும் இல்லை, கெஞ்சறதும் இல்லை.

தபால் சதுரங்கக்காரங்க இன்னும் கில்லாடி. பத்து நகர்த்தலுக்கு 30 நாள்னு கணக்கு வச்சு ஆடினதோட, "நீ குதிரையை எடுத்தா நான் மந்திரியால எடுப்பேன், அதுக்கு நீ இப்படின்னா நான் அப்படி"ன்னு நிபந்தனை போட்டு ஒரே கார்டுல நாலு நகர்த்தலை அனுப்பிடுவாங்க. தபால்தலைக் காசும் மிச்சம், ரெண்டு வாரமும் மிச்சம்.

நாம இதுல எதை எடுத்துக்கிட்டோம்? ஒண்ணுமே இல்லை. 62 பக்கம் எழுத நேரம் இருந்தது.

நான் சொல்றது இதுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் 48 மணி நேரம். அதுக்குள்ள எல்லாரும், யார் முதல்ல யார் அப்புறம்னு பாக்காம, தன் ஆள் என்ன செய்யறான்னு எழுதிடணும். நிபந்தனையோட எழுதுங்க: "கயிறு அறுந்தா பாயைப் பிடிப்பேன், அறுக்கலைன்னா கத்தியை எடுப்பேன்." நடத்துறவர் பகடை போட்டு எல்லாத்தையும் சேர்த்து ஒரு பத்தியா விடை சொல்வார், அதுக்கு ஒரு நாள். அஞ்சு சுற்றுச் சண்டை பதினைஞ்சு நாள்ல முடிஞ்சுடும். எழுத முடியாமப் போனவங்களோட ஆளுக்கு முன்கூட்டியே ஒரு வழக்கம் சொல்லி வைக்கணும். வம்பு வந்தா பின்வாங்குவானா, பக்கத்துல இருக்கறவனைக் காப்பாத்துவானா? ஒரே வரி போதும்.

"இது என்ன ஆபீஸா? பொழுதுபோக்குக்குக் கெடு வைக்கலாமா?"ன்னு ரெண்டு மூணு பேர் கோவிச்சுக்கிட்டாங்க. நியாயமான கேள்வி மாதிரி இருக்கு, ஆனா தலைகீழா இருக்கு. கெடு இல்லாத ஆட்டத்துலதான் எழுதாதவருக்குக் குற்ற உணர்ச்சி. நாம இல்லாம ஏழு பேர் நிக்கறாங்கன்னு தெரியும், அந்த வெக்கத்துல இன்னும் எட்ட நிப்பார், ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வரவே கூச்சப்படுவார். கெடுவும் வழக்கமும் இருந்தா, பையனுக்கு அம்மைன்னா நீங்க பாட்டுக்குப் பத்து நாள் போயிட்டு வரலாம். உங்க ஆள் பாட்டுக்குப் பாய்மரத்தடில காவல் இருப்பான். வந்ததும் எடுத்துக்கலாம்.

அடுத்து, உலகமே வேண்டாமான்னு கேட்பீங்க. வேணும், ஒரு பக்கம். எல்லாரும் ஒரே மண்ணுல நிக்கணும்னு சொல்றவங்க பேச்சுல உண்மை இருக்கு. ஒருத்தர் வெடிகுண்டு கொண்டு வர, இன்னொருத்தர் தக்காளிச் சட்னி அரைக்கன்னு போயிடக் கூடாது. ஆனா சோழர் காலம்தான்னா அந்த உலகத்தை நாம படைக்கவே வேண்டாமே, ஏற்கனவே கல்லுல வெட்டி வச்சிருக்கு! 1025ல ராஜேந்திரன் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்து மேல படையெடுத்தான். அதுக்கும் முன்னாடியே, அவன் அப்பா காலத்துலயே, அதே ஸ்ரீவிஜயத்து ராஜா நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரம் கட்ட, அதுக்கு ஆனைமங்கலம்ங்கற ஊரைக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டுல இருக்கு. 1088ல, சுமத்ராவோட மேற்குக் கரைல, கற்பூரத்துக்குப் பேர் போன பாருஸ்ல, ஐந்நூற்றுவர் வணிகக் குழு தமிழ்லயே கல்வெட்டு வெட்டியிருக்காங்க. வர்ற கப்பல்காரங்க கஸ்தூரி விலையை வச்சுப் பொன்னாக் கட்டணம் கட்டணும்னு அதுல வருது. கதைக்கு இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?

அதனால என் யோசனை: வருஷம் 1088, முதலாம் குலோத்துங்கன் காலம். அவன் தலையைக்கூடக் காட்டக் கூடாது. அரண்மனை வேண்டாம். நாகப்பட்டினத்துலேர்ந்து ஒரு மரக்கலம் கிளம்புது. மாநக்கவாரம் (நிக்கோபார்தான்), கடாரம், பாருஸ். திரும்பி வர வாடைக்காத்துக்குக் காத்திருக்கணும்.

ஏன் கப்பல்? அழகுக்காக இல்லை. அரண்மனைச் சதின்னா எட்டு பேரும் எட்டு தூண். ஒருத்தர் காணாமப் போனா கூரை இடியும், என் கோட்டை வாசல் மாதிரி. கப்பல்னா, போறவர் துறைமுகத்துல இறங்கிக்கலாம், புதுசா வர்றவர் அங்கேயே ஏறிக்கலாம். கதைக்கு ஒரு கீறல் விழாது. கடல்ல போனவன் திரும்பலைன்னா யாரும் காரணம் கேக்கறதில்லை. அப்புறம், கப்பல் எப்படியும் ஒருநாள் கரைக்கு வந்தாகணும். நம்ம ஆட்டம் எதுக்குமே முடிவுன்னு ஒண்ணு வச்சதில்லை, கவனிச்சீங்களா? முடிவு இல்லாததாலதான் எல்லாம் மூச்சு முட்டி முடியுது. நாலு மாசம். பாயை இறக்கறோம், யார் லாபம் பாத்தா, யார் கடனாளின்னு எழுதிட்டுக் கை கொடுத்துட்டுப் பிரியறோம்.

"எங்க ஆள் ரகசிய இளவரசனா இருக்கட்டுமே"ன்னு இன்னும் சிலர். ஒரே கப்பல்ல அஞ்சு ரகசிய இளவரசன் இருந்தா அதுல ரகசியம் எங்கே இருக்கு? கற்பூரம் வாங்கக் கடன் பட்ட வியாபாரி, கடாரத்துக்குத் திரும்புற பிக்கு, புருஷனைத் தேடிப் போற பொண்ணு, கணக்குல கை வச்ச கணக்கன் இவங்க யாருக்கும் வம்சாவளி தேவையில்லை. முதல் புயல்லயே அவங்க யாருன்னு தெரிஞ்சுடும். இன்னொண்ணு, "மன்னவா, அடியேன்"னு நாடகக் கொட்டகைத் தமிழ்ல வசனம் வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கறேன். ஓடக்காரன் ஒருத்தன் எப்படிப் பேசினான்னு மேல சொன்னேன், அப்படிப் பேசினாப் போதும்.

நடத்த ஆள் இல்லைன்னா நான் நடத்தறேன். பகடை போடறதை எல்லார் கண்ணு முன்னாடியும் போடலாம், எண்ணை மாத்தினேன்னு பேச்சு வரக்கூடாது. நாலு பேர் வந்தாலே கப்பல் கிளம்பும், அந்த அக்காவையும் இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன். ஆளோட பேர். தொழில். ஏன் கப்பல்ல ஏறினான். நடுவுல நீங்க போக வேண்டி வந்தா அவன் எந்தத் துறைல எப்படி இறங்குவான். நாலு வரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதி அனுப்புங்க. அஞ்சாவது வரியா அவனோட தாத்தா யாருன்னு எழுதினீங்கன்னா, மாநக்கவாரம் தாண்டறதுக்குள்ள நானே அவனைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன் :-)