பனி ஊட்டியில், மீன் செத்தது மந்தைவெளியில்

மார்கழி பிறந்தால் சென்னையில் இரண்டு வியாபாரங்கள் களைகட்டும். ஒன்று சபா கேன்டீன். இன்னொன்று மீன் தொட்டி ஹீட்டர். முதலாவதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

"சார், குளிர் வந்துடுச்சு, கோய் தாங்காது. நூறு வாட் ஹீட்டர் ரெண்டு போட்டுடுங்க" என்கிறார் கடைக்காரர். "ராத்திரியில தார்ப்பாய் போட்டு மூடிடுங்கோ" என்கிறார் மாடி வீட்டு மாமி. "தை முடியறவரைக்கும் தீனியை நிறுத்து" என்கிறான் எங்கோ படித்துவிட்டு வந்த மைத்துனன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் போர்ட்டிகோ ஓரத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு சிமென்ட் குளம் கட்டி, கொளத்தூரில் வாங்கிய நாலைந்து கோய் கார்ப்பை விட்டிருப்பவர்களுக்கு இந்த மூன்று உபதேசமும் மனப்பாடம். டிசம்பரில் மீனைப் பறிகொடுத்த வீட்டில் காரணம் கேட்டால், "குளிர்ல போயிடுச்சு" என்ற பதில் தயாராக இருக்கும்.

நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது. மூன்றாயிரம் லிட்டர் பிடிக்கும் என் மந்தைவெளிக் குளத்தில் அப்போது பதினோரு மீன்கள். அந்த வாரம் முடிந்தபோது ஐந்துதான் மிஞ்சின. குளிர் என்றார்கள், நம்பினேன். இப்போது நம்பவில்லை. ஏன் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் குளிர் எவ்வளவு குளிர் என்று பார்ப்போம். நுங்கம்பாக்கத்து வானிலைப் பதிவுகளின்படி சென்னை கண்ட மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பாதரசம் அந்தப் படிக்கு இறங்கவில்லை. வழக்கமான ஜனவரி விடியற்காலை 21 டிகிரியை ஒட்டி நிற்கும். அதுவும் காற்றின் கணக்கு. தண்ணீர் அவ்வளவு வேகமாகக் குளிராது. மார்கழியில் விடிகாலை எழுந்து கிணற்று நீரில் குளித்தவர்களுக்கு இது தெரியும்: வாளியில் மொண்ட தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், உடம்பில் படும் காற்றுதான் சிலிர்க்க வைக்கும். நமக்குக் குளிர்கிறது என்பதால் மீனுக்கும் மப்ளர் கட்டப் பார்க்கிறோம்.

குழப்பத்தில் மொழிக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். நமக்குப் பனி என்றால் முன்பனி, பின்பனி. புல்நுனியில் நிற்கும் நீர். தலையில் இறங்கினால் சளி பிடிக்கும் என்று பாட்டி பயமுறுத்திய அதே பனி. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் கோய் வளர்ப்பவர் பயப்படுவது உறைபனிக்கு. குளத்தின் மேல் கண்ணாடிபோல் ஐஸ் மூடிக்கொள்ளும் நிலை அது. 'பனிக்காலத்தில் மீன் குளத்தைக் காப்பது எப்படி' என்று யாரோ தமிழ்ப்படுத்தியதும், அந்த ஐஸ் மொத்தமும் நம் மார்கழித் தலையில் வந்து விழுந்துவிட்டது.

உறைபனியில் கெண்டை பிழைக்குமா என்று பார்க்க ஜப்பான் வரை போக வேண்டாம், மேட்டுப்பாளையம் தாண்டினால் போதும். 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் ஒரு மீனை விட்டார்கள். ஐரோப்பிய வம்சத்துச் சாதாக்கெண்டை. நம் கோய்க்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். வண்ணத்துக்காகப் பொறுக்கி வளர்த்ததால் கோய் ஆனது, இல்லாவிட்டால் அதுவும் பழுப்புக் கெண்டைதான். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானமும் தலைக்குந்தாவும் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடக்கும் படம் வருடாவருடம் பேப்பரில் வருகிறது. அந்த மலையில் அந்தக் கெண்டை நிலைத்து இனம் பெருக்கியது. மலை மீன்வளத்தில் அது ஒரு முக்கிய மீனே ஆகிவிட்டது. ஹீட்டர் யாரும் போடவில்லை.

கோயின் பிறந்த வீடான நீகாட்டாவும் ஆளுயரப் பனி கொட்டும் ஊர்தான். நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அங்குள்ள பண்ணைக்காரர்கள் விலை உயர்ந்த மீன்களை இலையுதிர் காலத்திலேயே சேற்றுக் குளங்களிலிருந்து பிடித்து, கூரைக்குள் கட்டிய தொட்டிகளுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆகவே, கோய் எந்தக் குளிருக்கும் அசையாது என்று நான் வாதாடவில்லை. நம் ஊர்க் குளிர் அதற்குக் குளிரே அல்ல என்கிறேன்.

இதற்கு எதிராக வைக்கப்படுவதில் கொஞ்சம் கனமான வாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. உண்மைதான். "மாடே தாங்கவில்லை, மீன் தாங்குமா?" என்கிறார்கள். கேள்வியே தலைகீழ். மாடு வெப்ப இரத்தப் பிராணி. வெளியே என்ன குளிர் அடித்தாலும் உடம்பின் சூடு இறங்காமல் காத்தாக வேண்டும். மழையில் தொப்பலாக நனைந்து, ஒதுங்க இடமில்லாமல், வேகக் காற்றில் நின்றால் அந்தக் காவல் உடைந்துவிடும். மீனுக்கு அந்தக் கவலை கிடையாது. தண்ணீரின் சூடு எதுவோ அதுதான் அதன் உடம்பின் சூடு. தண்ணீர் மெல்லக் குளிர்ந்தால் மீனும் மெல்ல நிதானமாகிவிடும்.

அப்படியானால் என் ஆறு மீன்களைக் கொன்றது யார்? செத்த வரிசையே சாட்சி சொன்னது, எனக்குத்தான் அப்போது படிக்கத் தெரியவில்லை. புயலன்று மதியமே கரன்ட் போய்விட்டது. மறுநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. முதலில் செத்தது இருப்பதிலேயே பெரியது, ஒன்றரை அடி. அடுத்தது அதற்கு அடுத்த பெரியது. விரல் நீளக் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் கொன்றிருந்தால் பெரிய மீனாகப் பார்த்துப் பொறுக்கியிருக்காது. பிராணவாயு பற்றாக்குறைதான் அப்படிப் பொறுக்கும். பெரிய உடம்புக்கு நிறையத் தேவை, அதனால் பெரியது முதலில் விழும். மீன் பண்ணைக்காரர் யாரைக் கேட்டாலும் இந்த அடையாளத்தைச் சொல்வார். விடியற்காலை என்பதும் தற்செயல் இல்லை. பகலில் பிராணவாயுவை உண்டாக்கும் பாசி இரவில் தானும் அதைச் சுவாசிக்கும். சூரியன் உதிக்கும் முன்புதான் தண்ணீரில் கையிருப்பு மிகக் குறைவு. மேகம் மூடிய நாட்களில் பகல் சம்பாத்தியமும் குறைந்துவிடும். இத்தனைக்கும் மேல் பம்பும் ஏரேட்டரும் ஓடவில்லை. குறுகிய குளத்தில் பதினோரு கோய் என்பதே பம்பை நம்பி வாங்கிய கடன். கரன்ட் போனதும் கடன்காரன் வந்துவிட்டான்.

இன்னொரு சாட்சியும் இருந்தது. மூன்றாம் நாள் கரன்ட் வந்தது, ஓடிப்போய் சுவிட்சைப் போட்டேன். அன்று மாலைக்குள் மேலும் இரண்டு செத்தன. வெயில் நன்றாக அடித்த நாள் அது, குளிரின் மேல் பழிபோட வழியே இல்லை. நடந்தது என்னவென்றால், ஃபில்டருக்குள் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் பிராணவாயு வேண்டும். தண்ணீர் ஓடாமல் நின்ற மூன்று நாளில் அவை செத்து அழுகி, ஃபில்டர் சாக்கடையாகியிருந்தது. நான் அந்தச் சாக்கடையைக் குளத்துக்குள் இறைத்துவிட்டேன். நீண்ட மின்வெட்டுக்குப் பின் ஃபில்டரில் தேங்கியதை வெளியே கொட்டி அலசிய பிறகே பம்பைப் போட வேண்டும். இதை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஹீட்டர் வாங்கச் சொல்ல மட்டும் நாலு பேர் இருந்தார்கள்.

ஹீட்டருக்கே வருகிறேன். மூன்றாயிரம் லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். கடைக்காரர் சொல்லும் நூறு வாட் ஹீட்டர் இரண்டை இருபத்து நான்கு மணி நேரம் விடாமல் ஓட்டினால் 4.8 யூனிட். துளிச் சூடுகூட வெளியே போகாது என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை டிகிரி ஏறாது. திறந்தவெளிக் குளத்தில் அந்தச் சூடு போர்ட்டிகோவைத்தான் சூடாக்கும். சரி, ஆயிரம் வாட் போட்டு நிஜமாகவே சூடேற்றினால்? அது இன்னும் மோசம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூடேறிய மீனுக்கோ பசியும் மூச்சும் கூடும். வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டும் யந்திரம் அது. புயலில் கரன்ட் போனால் அதுவும் அணைந்துபோகும் என்பது தனி நகைச்சுவை. ஹாலில் கண்ணாடித் தொட்டியில் டிஸ்கஸ் வளர்ப்பவர்களுக்கு ஹீட்டர் தேவைதான். அமேசான் பக்கத்து மீன் அது. அங்கே நியாயமான பொருள், தொட்டியிலிருந்து குளத்துக்குத் தவறுதலாகக் குதித்திருக்கிறது.

தார்ப்பாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் உறைந்து, லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றதே, அப்படிப்பட்ட வேளையில் குளம் வைத்திருப்பவருக்குச் சொல்லப்படும் முதல் பாடம், ஐஸில் ஒரு துளையாவது திறந்து வை என்பதுதான். கெட்ட வாயு வெளியேற வேண்டும். ஐஸ் இல்லாத ஊரில் நாம் தார்ப்பாயால் ஐஸ் செய்கிறோம். கொக்குக்கும் பூனைக்கும் பயந்தால் வலை போடுங்கள். அதே பாடத்தில் இன்னொன்றும் உண்டு: அடிமட்டத் தண்ணீரைக் கலக்காதே. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். அந்தக் கனத்த நீர் அடியில் தங்க, மீன்கள் அதற்குள் ஒடுங்கிக் குளிரைக் கடத்தும். இங்கே நேர் எதிர், கலக்க வேண்டும். எவ்வளவு கலக்குகிறோமோ அவ்வளவு மூச்சு. ஒரு ஊரின் மருந்து இன்னொரு ஊரில் விஷமாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தீனி விஷயத்தில் மைத்துனன் பாதி சரி. பத்து டிகிரிக்குக் கீழே கெண்டைக்குச் செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடும், அங்கே தீனி போடக் கூடாது. நம் தண்ணீர் இருபதுக்கு மேலேயே இருக்கும்போது இரண்டு மாதம் பட்டினி போட நியாயம் இல்லை. ஆனால் புயல் எச்சரிக்கை வந்த அன்றும், கரன்ட் இல்லாத நாட்களிலும் ஒரு மணி தீனிகூடப் போடாதீர்கள். செரிக்கப் பிராணவாயு வேண்டும், கழிவு அம்மோனியாவாகும். நாலைந்து நாள் பட்டினி கோய்க்கு ஒன்றுமே இல்லை.

குளிருக்காக வாதாடுபவர்களுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். சூடு திடீரென்று இறங்கினால் மீனின் எதிர்ப்பு சக்தி தளரும், வெண்புள்ளி நோய் தலைகாட்டும். ஆழமில்லாத மொட்டை மாடிக் குளத்தில் பெருமழை கொட்டும்போது இது நடக்கலாம். அதற்குத் தீர்வு ஆழம். மூன்றரை, நான்கு அடி இருந்தால் தண்ணீர் அவசரப்படாது. மாடியில் அவ்வளவு தண்ணீரை ஏற்றும் முன் கட்டட இன்ஜினியரைக் கேளுங்கள், அது மீனைவிட முக்கியம்.

பலரும் கவனிக்காத கொலையாளி ஒன்று பாக்கி. வெள்ளம் வடிந்ததும் குடிநீரில் குளோரினைக் கூட்டுவார்கள், சம்ப்பில் போடச் சொல்லி பிளீச்சிங் பவுடரும் வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இதுதான் நடந்தது. நமக்கு நல்லது. கலங்கிய குளத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அதே தண்ணீரை நேராகக் குளத்தில் திறந்தால் மீனின் செவுள் வெந்துவிடும். ஒரு நாள் திறந்த டிரம்மில் காற்று விட்டு வையுங்கள், அல்லது ஹைப்போ போடுங்கள். அந்தக் காலத்து போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்திய அதே ஹைப்போதான்.

கபாலீசுவரர் கோயில் குளத்திலும் அடையாறு முகத்துவாரத்திலும் மீன்கள் கூட்டமாக மிதந்த செய்திகளை நாம் ஒரு தடவைக்கு மேல் படித்திருக்கிறோம். அங்கேயும் குளிரைத் தேட வேண்டாம். ஒன்றில் பொரியும் பிரெட்டும், இன்னொன்றில் மழை அடித்துவரும் சாக்கடையும் தண்ணீரின் மூச்சை வாங்கிவிடுகின்றன. இந்த ஊரில் மீனுக்குப் பகை உண்மையில் 2003இல் 45 டிகிரி தொட்ட அந்த மே மாதம்தான். அப்போது யாரும் குளத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அதனால், ஹீட்டருக்கு எடுத்துவைத்த பணத்தில் பேட்டரி ஏரேட்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது இன்வெர்ட்டரிலிருந்து குளத்துக்கு ஒரு பாயின்ட் இழுங்கள். பேட்டரியும் தீர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். ஒரு வாளி எடுத்து, குளத்துத் தண்ணீரையே மொண்டு, இடுப்பு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். டபராவிலும் டம்ளரிலும் காபி ஆற்றுகிறோமே, அதேதான். விடியற்காலை மூன்றிலிருந்து ஆறு மணி வரை வீட்டில் இருப்பவர்கள் முறை போட்டு ஆற்றினால் மீன் பிழைக்கும். மிக்ஜாமில் நாங்கள் அப்படித்தான் ஆற்றினோம். அந்த ஐந்தும் இன்னும் இருக்கின்றன.